மாஸ்டருக்கு ஊதாத விசில்

தில்லையம்பலம் மாஸ்டரை என்றைக்காவது ஒருநாள் ஆட்டத்திலிருந்து வெளியே துரத்த வேண்டும் என்பதற்காகத்தான் யசோதினி விசிலைக் கழுத்தில் மாட்டினாள். யாராவது கேட்டால் விளையாட்டில் ஆசை, உடம்புக்கு நல்லது, சனிக்கிழமை வீட்டில் இருந்து என்ன செய்வது என்று ஏதாவது சொல்லிவைப்பாள். அதெல்லாம் சும்மா. கூடைப்பந்து நடுவர் பரீட்சைக்குப் படித்த காலத்தில், பயிற்சியாளர் அத்துமீறினால் என்ன செய்யலாம் என்ற பக்கத்தைத்தான் அவள் தேவாரம் மாதிரி மனப்பாடம் செய்தாள். வாய் நீண்டால் ஒரு டெக்னிக்கல் தவறு. மறுபடியும் நீண்டால் இரண்டாவது டெக்னிக்கல், ஆள் வெளியே. உடைமாற்றும் அறைக்குப் போகலாம், தெருவுக்குப் போகலாம், அரங்கில் மட்டும் நிற்கக்கூடாது. அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

மாஸ்டர் அவளுக்குச் செய்தது லேசுப்பட்டதல்ல. 2012 இல் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை, மாஸ்டரின் 'வளர்பிறை' கிளப்பில் அணித்தலைவி. ரூ லூயி-பிளாங்க் தெருவில் போன் கடை வைத்திருந்த மாஸ்டர், பாரிசில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய முதல் ஆள் தானே என்று சொல்லிக்கொள்வார். மறுத்துப் பேசி யார் மினக்கெடுவது என்று மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். அந்த வருடத் தமிழர் கிண்ண இறுதியாட்டம் முடியும் தறுவாயில் வளர்பிறை ஒரு புள்ளி முன்னால் நின்றது. மாஸ்டருக்கு ஏதோ ஒரு தீர்ப்புப் பிடிக்கவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கி நடுவரின் முகத்துக்கு நேரே கத்தினார். டெக்னிக்கல் விழுந்தது. அன்றைய விதிப்படி எதிரணிக்கு, யாரும் மறிக்காமல் கூடைக்கு எறிய இரண்டு ஃப்ரீ த்ரோவும் அதற்கு மேல் பந்தும் கிடைத்தன. இரண்டையும் போட்டார்கள். கடைசியில் யசோதினிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ வந்தது. பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

ஆட்டத்தைத் தோற்கடித்தது மாஸ்டரின் வாய். அது மாஸ்டருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வேறு யாரும் சொல்வதற்கு முன் அவர் முந்திக்கொண்டார். சனம் முழுக்கப் பார்த்திருக்க, "ஆருக்கடி விலைபோனனீ?" என்று அவளைப் பார்த்துக் கத்தினார். யசோதினி அன்றைய நடுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிரெஞ்சுக்காரர். தமிழ் தெரியாது, சரி, அழுகிற பிள்ளையின் முகமுமா தெரியாது? அவர் விசிலைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா வாமதேவன் இருக்கையிலிருந்து இறங்கி வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளுடைய சப்பாத்தை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார், அவ்வளவுதான். அந்தக் கிழமை மாஸ்டரின் கடையில் போன் அட்டை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கதை இனாமாகக் கிடைத்தது. எதிரணிக் கிளப்பில் அவளுக்கு ஒரு பெடியன் இருக்கிறானாம், அவனுக்காக வேண்டுமென்றே பந்தை விட்டாளாம். பெடியனுக்கு மாஸ்டர் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. பெயர் இல்லாததால் ஆளாளுக்கு ஒருவனை நினைத்துக்கொண்டார்கள், கதை இன்னும் வடிவாக ஓடியது. வாமதேவன் அதே தெருவில் ஓர் உணவகத்தில் கொத்துரொட்டி போடுகிறவர். சாப்பிட வந்தவர்கள் அவருக்கும் அதைப் பரிமாறினார்கள். அதற்குப் பிறகு அவர் மகளோடு பேசியது சாவி எங்கே, கடிதம் வந்ததா என்ற அளவில்தான்.

பத்து வருடம் அவள் அந்தக் கோபத்தைக் கெட்டுப்போகாமல் வைத்திருந்தாள். படித்தாள், ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை எடுத்தாள், வார இறுதிகளில் பாரிசின் நாலு மூலைக்கும் போய் விசில் ஊதினாள். கொரோனா முடிந்து 2022 இல் தமிழர் கிண்ணம் மறுபடியும் நடக்கப்போவதாகச் செய்தி வந்தது. பெண்கள் இறுதியாட்டத்துக்கு அனுமதி பெற்ற நடுவர் வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழுவிலிருந்து போன் வந்தபோது, வளர்பிறையும் புறநகர் ஓல்னே-சூ-புவாப் பிள்ளைகளும் மோதுகிறார்கள் என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் "ஓம், வாறன்" என்றாள்.

ஆட்டம் ரூ பஜோலுக்குப் பக்கத்து உள்ளரங்கில். வாசலில் நுழையும்போதே பொரித்த ரோல்ஸ் வாசனை வந்தது. வாமதேவன் வேலைசெய்யும் உணவகம்தான் அன்றைக்குச் சாப்பாடு. அவர் வெள்ளை ஏப்ரனோடு, கையில் இடுக்கியோடு, வாசல் மேசைக்குப் பின்னால் நின்றார். மகள் நடுவர் உடையில் வந்ததைப் பார்த்தார். "சாப்பிட்டனியே?" என்றார். "பிறகு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

உள்ளே சேந்தன் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழர் கிண்ணம் பந்து இல்லாமலும் நடந்துவிடும், மைக் இல்லாமல் நடக்காது. ரூ லூயி-பிளாங்கில் விமானச் சீட்டு விற்பது சேந்தனின் பிழைப்பு, அறிவிப்புத்தான் அவருடைய பிறப்பு. பிள்ளையார் தேருக்கும் அவர் குரல், கலியாண மண்டபத்துக்கும் அவர் குரல். அவரிடம் ஒன்றைச் சொன்னால் அது ஒலிபெருக்கியில் வராமல் போகாது. ஒருமுறை கழிப்பறை எந்தப் பக்கம் என்று காதுக்குள் கேட்ட பிரதம விருந்தினரின் தேவையையும் செந்தமிழில் அறிவித்தவர் அவர். யாரும் அவரை மாற்ற நினைக்கவில்லை, அவருடைய குரல் அப்படி.

மற்ற நடுவர் ஸ்ரீஹரி. சென்னைக்காரர், கணினிக் கம்பனியில் வேலை, ஆட்டத்துக்கு முன் கால் நரம்பை நீட்டி நீட்டி மடக்குகிறவர். இரண்டு பேருமாக வழக்கப்படி பயிற்சியாளர்களுக்குக் கைகொடுக்கப் போனார்கள். மாஸ்டர் இப்போது தலைக்கு மை பூசியிருந்தார், கோட்டு வேறு போட்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் அவருக்குப் பொன்னாடை போர்த்தி விழாக்குழு ஒரு பட்டம் கொடுப்பதாக இருந்தது, அதற்கான கோட்டு.

"அட, உது எங்கடை யசோவல்லோ!" என்று அவள் தோளில் தட்டினார். "என்ன பிள்ளை, விசிலும் கையுமா? நல்லது, நல்லது. நான் பழக்கின பிள்ளையள் மேலை வந்தால் எனக்குத்தானே பெருமை."

அவள் எதிர்பார்த்து வந்தது ஒரு முறைப்பை, ஒரு நெளிவை, குறைந்தது ஒரு கள்ளப் பார்வையை. மனிதருக்கு எல்லாம் மறந்தே போயிருந்தது! அவளுடைய அப்பாவை அவளிடமிருந்து பிடுங்கியதை அவர் தும்மியதுபோல மறந்திருந்தார். "வணக்கம் மாஸ்டர்" என்று கைகொடுத்தாள். இன்றைக்கு இரண்டு டெக்னிக்கலும் உனக்குத்தான், கிழவா என்று மனதுக்குள் சொன்னாள்.

ஆட்டம் தொடங்கியது. ஓல்னேப் பிள்ளைகள் உயரமும் வேகமுமாக இருந்தார்கள். வளர்பிறையில் நம்பிச் சொல்லக்கூடியவள் அணித்தலைவி மிருணாளினி மட்டும்தான். கட்டையான பிள்ளை, பந்தைத் தரையோடு ஒட்டி ஓட்டிக்கொண்டு போவாள். முதற்பகுதி முடிவதற்குள்ளேயே ஓல்னே முன்னால் போனது, அதோடு மாஸ்டரும் தொடங்கினார்.

"என்ன விசில் உது? கண் தெரியேல்லையோ?" என்று கத்திக்கொண்டு பயிற்சியாளருக்கான எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்தார். யசோதினி விசிலைப் பல்லுக்கிடையில் எடுத்தாள். பத்து வருடத்துக் காற்று நெஞ்சுக்குள் நிறைந்து நின்றது. ஊதப்போகிற அந்த நேரத்தில் மாஸ்டரின் கண்ணைக் கவனித்தாள். அவர் கத்தியது அவளைப் பார்த்து. கண் மட்டும் புள்ளிப் பலகைக்குப் போய், அங்கிருந்து சனத்துக்குப் போய்த் திரும்பியது.

அவள் ஊதவில்லை. உள்ளங்கையை மட்டும் காட்டி, உள்ளே போங்கோ என்று சைகை செய்தாள்.

டைம் அவுட்டில் ஸ்ரீஹரி பக்கத்தில் வந்தார். "கவனிச்சீங்களா மேடம்? உங்க மேல அவருக்குக் கோபமே இல்லை. ஸ்கோர் போர்டைப் பாத்துப் பாத்துக் கத்துறார். டெக்னிக்கல் கேட்டு வாங்குற மாதிரி இருக்கு."

அந்த வார்த்தை அவளுக்கு மண்டையில் அடித்தது. கேட்டு வாங்குகிறார்! இத்தனை வருடமாக, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் முழுக்கப் பேசப்பட்ட மாஸ்டரின் வீரப் பிரதாபங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. 2012 இல் வாயால் தோற்றபிறகு மனிதர் ஒரு பாடம் படித்திருந்தார். வாயால் தோற்பதென்றால் அரைகுறையாகத் தோற்கக்கூடாது, முழுதாக வெளியே போய்த் தோற்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் தோற்ற இறுதியாட்டம் ஒவ்வொன்றிலும் நடுவர் அவரை வெளியே அனுப்பியிருந்தார். சனம் கைதட்டி வழியனுப்பும். அவர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கபேயில் இருப்பார். அடுத்த நாள் கடையில், "என்னை உள்ளுக்கை விட்டிருந்தால் வெண்டிருப்பம், அதுதான் அவங்களுக்குப் பயம்" என்பார். தோல்வி நடுவருடையது, வீரம் மாஸ்டருடையது.

ஆக, பத்து வருடமாக அவள் பொத்திப் பொத்தி வளர்த்த இரண்டு டெக்னிக்கலும்தான் மாஸ்டர் இன்று வாங்கிப்போக வந்த பரிசு. அவளே கொண்டுபோய்க் கையில் கொடுக்க இருந்தாள்! யசோதினிக்குத் தன்மேல் ஆத்திரம் வந்தது, பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது. சரி மாஸ்டர், உங்களை நான் அனுப்பமாட்டேன். கடைசி விசில்வரைக்கும் அந்தக் கதிரையில் இருந்து, இந்தச் சனத்துக்கு முன்னால், நீங்களே தோற்பீர்கள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைப் பார்த்தவர்கள், இப்படிப் பொறுமைசாலியான நடுவரை நாங்கள் கண்டதில்லை என்றார்கள். பொறுமையாவது, கத்தரிக்காயாவது. கத்துகிற பயிற்சியாளரை அடக்க நடுவருக்குப் பழக்கிக்கொடுத்த வித்தைகள் எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்து மாஸ்டரின் கழுத்தில் போட்டாள். கேள்வி கேட்டால் பதில் சொல், கூச்சல் போட்டால் காது கொடுக்காதே. அவர் சத்தம் கூட்டினால் உன் சத்தத்தைக் குறை. எட்ட நின்று கத்தாதே, கிட்டப் போய் மெல்லப் பேசு. அதைச் செய்கிறவரை நல்ல நடுவர் என்பார்கள். ஒருவரைச் சிரித்துக்கொண்டே கட்டிவைப்பதற்கும் அதே வித்தை போதும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

மாஸ்டர் கோட்டைக் கழற்றி வீசினார். ஃப்ரீ த்ரோ நேரம் அவள் போய் அருகில் நின்று, "மாஸ்டர், உங்கடை கோட்டு மிதிபடப்போகுது, பொன்னாடைக்கு வேணுமெல்லோ" என்றாள். அவர் வேறு வழியில்லாமல் குனிந்து எடுத்தார். தண்ணீர்ப் போத்தலை உதைத்தார். அவள் ஆட்டத்தை நிறுத்தி, தரையைத் துடைக்க ஆள் கூப்பிட்டு, "ஒருத்தரும் வழுக்கி விழக்கூடாது மாஸ்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று அவர் காலடியிலேயே துடைக்க வைத்தாள். சனத்தில் யாரோ சிரித்தார்கள். மேசைக்குப் போய், மாஸ்டருக்கு முறைப்படி ஓர் எச்சரிக்கை கொடுத்ததாகவும் சொல்லிவைத்தாள். சேந்தன் உடனே, "பயிற்றுநர் அவர்களுக்கு அன்பான எச்சரிக்கை!" என்று முழங்கினார். மறுபடியும் சிரிப்பு.

"நீ ஆரெண்டு நினைச்சாய்? ஊதடி பாப்பம்!" என்றார் மாஸ்டர். முகம் சிவந்திருந்தது.

"ஏன் மாஸ்டர்? நீங்கள் உணர்ச்சிவசப்படுறியள், எனக்கு விளங்குது" என்றாள் யசோதினி.

ஸ்ரீஹரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இது எப்பவோ டெக்னிக்கல் ஃபவுல் மேடம். நீங்க குடுக்கலைன்னா நான் குடுத்துடுவேன்."

"கையெடுத்துக் கும்பிடுறன், குடுக்காதேங்கோ" என்றாள். "அந்தாளுக்கு அதுதான் வேணும்."

ஓல்னே ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் பகுதியில் புள்ளிப் பலகையைப் பார்க்க வளர்பிறை ஆதரவாளர்களுக்கே கூச்சமாக இருந்தது. மாஸ்டர் வியர்த்தார், கதிரையில் இருந்தார், எழும்பினார், மறுபடியும் இருந்தார். இத்தனை பேருக்கு முன்னால் அவர் எப்போதும் இப்படித் தோற்றதில்லை, 2012 க்குப் பிறகு தோற்கும்போது அவர் அங்கே இருந்ததில்லை. யசோதினி ஓடிக்கொண்டே அதைப் பார்த்தாள். உள்ளே ஏதோ நீண்டகாலம் பசித்துக்கிடந்த ஒன்று வயிறார உண்டது.

அந்த இனிப்பில் அவள் ஒன்றை மறந்துபோனாள். பாயமுடியாத நாய் பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும்.

மிருணாளினி பந்தை ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் மறித்தார்கள். தட்டுப்பட்டுப் பந்து கைமாறி, ஓல்னேக்கு இன்னும் இரண்டு புள்ளி. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வளர்பிறைப் பிள்ளைகள் இருந்த வாங்குப் பக்கமாகத் திரும்பியபோது மாஸ்டர் எழும்பி நின்றார்.

"ஆருக்கடி விலைபோனனீ?"

அரங்கின் அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது. மாற்றிக் கேட்கக்கூட அவருக்கு வேறு வார்த்தை இல்லை. அடுத்த நாள் கடையில் ஓடப்போகிற கதை, பெயர் இல்லாத பெடியன், எல்லாம் யசோதினியின் கண்ணுக்கு முன் வந்து நின்றன. மிருணாளினியின் முகம் வெளிறியது. அவள் மாஸ்டரைப் பார்க்கவில்லை, சனத்துக்குள் இருந்த தன் அம்மாவைப் பார்க்கவில்லை. நேரே நடுவரைப் பார்த்தாள்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் நின்ற இடத்தில் இப்போது அவள் நிற்கிறாள். மாஸ்டரின் வாயை இவ்வளவு நேரமும் திறந்துவிட்டிருந்தது வேறு யாருமில்லை, அவள்தான். முதற் பகுதியிலேயே ஊதியிருந்தால் இந்தப் பிள்ளைக்கு இது வந்திருக்காது.

ஊதினாள். அரங்கு அதிர்ந்தது. இரண்டு கைகளாலும் டெக்னிக்கல் அடையாளம் காட்டினாள்.

மாஸ்டரின் முகத்தில் அப்பாடா என்ற ஒரு நிம்மதி. ஒன்று விழுந்துவிட்டது, இன்னும் ஒன்றுதான். கைகளை உயர்த்திச் சனத்தைப் பார்த்தார். பழக்கப்பட்ட சனம், கைதட்டத் தொடங்கியது. "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று பின்வரிசையில் சில குரல்கள்.

யசோதினி மேசைக்கு நடந்தாள். யாருக்குத் தவறு, என்ன தவறு என்று புள்ளி எழுதுகிறவருக்குக் கையால் காட்டினால் போதும். காட்டினாள். சேந்தன் மைக்கைக் கையில் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"காரணம் என்ன பிள்ளை?"

நடத்தை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதுதான் முறை, அதுதான் வழக்கம். கைதட்டல் அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. சேந்தனிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அந்த அரங்கில் இருந்த குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் முழுவதையும் சொன்னாள்.

சேந்தன் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! வளர்பிறை அணியின் பயிற்றுநர் திரு. தில்லையம்பலம் அவர்கள், தமது அணித்தலைவி செல்வி மிருணாளினி அவர்களை நோக்கி, 'ஆருக்கடி விலைபோனனீ' என வினவியமையால், நடுவர் அவர்கள் அன்னாருக்கு டெக்னிக்கல் தவறினை வழங்குகின்றார் என்பதனை அறியத்தருகின்றோம்."

கடைசிச் சொல் வரும்போதுதான் தாம் என்ன அறிவித்தோம் என்பது சேந்தனுக்கே உறைத்தது. மைக்கை மேசையில் வைத்தார். அதை வைத்த சத்தமும் ஒலிபெருக்கியில் கேட்டது.

கைதட்டல் பாதியில் நின்றது. கடையில் காதோடு காதாகச் சொல்லும்போது நன்றாக இருந்த வார்த்தை, வெளிச்சத்தில், பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நடுவில், சேந்தனின் செந்தமிழில் வந்து விழுந்தபோது எவரும் ரசிக்கவில்லை. "நான்... நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார் மாஸ்டர். வாங்கில் இருந்த வளர்பிறைப் பிள்ளை ஒருத்தி, தலையைக்கூடத் தூக்காமல், "சொன்னீங்கள் மாஸ்டர்" என்றாள்.

ஓல்னே தன் ஃப்ரீ த்ரோவைப் போட்டது. ஆட்டம் தொடர்ந்தது. அடுத்து ஆட்டம் நின்றபோது மாஸ்டர் எல்லைக்கோட்டோரம் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார். அவர் குரல் இவ்வளவு மெல்லியது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"பிள்ளை, மற்றதையும் தந்து என்னை அனுப்பிவிடு."

"ஏன் மாஸ்டர்?" என்றாள் யசோதினி. "ஆட்டம் இன்னும் முடியேல்லையே."

"என்னாலை இதுக்குள்ளை இருக்கேலாது."

"என்ரை அப்பா இருந்தவர் மாஸ்டர். ரூ லூயி-பிளாங்கிலை, உங்கடை கதையைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் கொத்துப் போட்டுக்கொண்டு இருந்தவர். நானும் இருந்தனான். நீங்களும் இருங்கோ."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகத்தில் அது வந்ததை அவள் சொட்டுவிடாமல் பார்த்தாள். நடுவர் அனுப்பாமல் தானாக எழும்பிப் போனால் அது ஓட்டம், அதை மாஸ்டரால் செய்ய முடியாது. போய்க் கதிரையில் இருந்தார். கடைசி விசில்வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

வளர்பிறை படுதோல்வி. ஓல்னேப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். ஸ்ரீஹரி விசிலைக் கழற்றிக்கொண்டே, "ஊதினது சரிங்க" என்றார். "ஆனா அந்த வார்த்தையை மைக்ல சொல்ல வச்சிருக்க வேணாம். அந்தப் பொண்ணும் இங்கதானே இருக்கு."

யசோதினி அப்போதுதான் மிருணாளினியைத் தேடினாள். பிள்ளையின் தாய் கோசலை இருக்கையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்து வாசலை நோக்கி இழுத்துக்கொண்டு போனாள். மகள் ஏதோ பிரெஞ்சில் கெஞ்சிக்கொண்டு பின்னால் இழுபட்டாள்.

யசோதினி ஓடினாள். ஆட்டத்தில்கூட அன்றைக்கு அப்படி ஓடவில்லை. வாசலில், ரோல்ஸ் மேசைக்கு முன்னால், அவர்களை மறித்தாள்.

"அக்கா, நில்லுங்கோ."

"வழியை விடு" என்றாள் கோசலை. கண் கலங்கியிருந்தது, கோபம் அதைவிடக் கூடுதலாக இருந்தது. "மைக்கிலை சொல்லியாச்சு. நாளைக்கு லாச்சப்பலிலை நான் எப்பிடி முகத்தைக் காட்டுறது? இவளுக்கு இனி விளையாட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"அவள் ஒண்டும் செய்யேல்லை அக்கா. அந்தாளுக்குத் தோத்தால் சொல்ல வேறை கதை இல்லை. எனக்கும் இதைத்தான் சொன்னது. இதே வார்த்தை. ஒரு எழுத்து மாறேல்லை."

"அப்ப உன்ரை தாய் தகப்பன் என்ன செய்தவை?"

யசோதினி திரும்பினாள். வாமதேவன் இடுக்கியைப் பிடித்தபடி மேசைக்குப் பின்னால் நின்றார். ஒலிபெருக்கி வாசலிலும் இருந்தது, எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் பார்வை ரோல்ஸ் தட்டுக்குப் போனது.

"உந்தா நிக்கிறார் அப்பா. அவரையே கேளுங்கோ" என்றாள். அவள் குரலில் இரக்கம் இருக்கவில்லை. இந்தக் கணக்கும் பத்து வருடத்துப் பழசுதான். "சொல்லுங்கோ அப்பா. என்ன செய்தனீங்கள்?"

சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாமதேவன் அவர்களைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"பிறகு கதைப்பம் பிள்ளை" என்றார் மெல்ல.

"இல்லை. இப்ப. ஆக்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். பிறகு கோசலையைப் பார்த்துப் பேசினார்.

"நான் உன்னைமாதிரித்தான் தங்கச்சி கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனனான். போய் ஒரு கேள்வி கேட்கேல்லை. சப்பாத்தைத் தூக்கி எறிஞ்சனான். கடையிலை ஆரோ சொன்னதை நம்பினன், பெத்த பிள்ளையை நம்பேல்லை. அவன் பொய் சொன்னவன். பிழை விட்டது நான். நீ கேள். கேட்டுப் பார். என்னைமாதிரிச் செய்துபோடாதை."

கோசலை மகளைப் பார்த்தாள். பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மிருணாளினி மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். பிறகு யசோதினியை நிமிர்ந்து பார்த்து, பிரெஞ்சில், நிதானமாகக் கேட்டாள்:

"நீங்கள் ஊதியதோடு விட்டிருக்கலாமே. அதை ஏன் எல்லாருக்கும் சொல்ல வைத்தீர்கள்?"

உனக்காகத்தான் என்று யசோதினி வாயெடுத்தாள். அப்படிச் சொன்னால் அது மாஸ்டர் சொல்லுகிற பொய்யின் சாதி.

"விசில் உனக்காக ஊதினது" என்றாள். "சொன்னது எனக்காக. உன்னை யோசிக்கேல்லை. என்னிலை பிழை."

"அடுத்த முறை விசில் மட்டும் போதும்" என்றாள் மிருணாளினி, இந்த முறை தமிழில்.

உள்ளே சேந்தன் மறுபடியும் மைக்கை எடுத்திருந்தார். குரலில் பழைய கம்பீரம் கொஞ்சம் குறைவு. "பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கும் முகமாக, மூத்த பயிற்றுநர் திரு. தில்லையம்பலம் அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கின்றோம்." யாரும் கைதட்டவில்லை. சேந்தன் மறுபடியும் அழைத்தார். வளர்பிறை வாங்கில் கோட்டு மட்டும் கிடந்தது, உடைமாற்றும் அறைப் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. மூன்றாம் முறையும் பெயர் அரங்கம் முழுக்க ஒலித்தது.

வாமதேவன் ஒரு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றி மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, கடிக்காமல், அந்தப் பெயரைக் கடைசிவரை நின்று கேட்டாள்.